வாகை மரத்தடி வருகைப்பதிவு

பிப்ரவரி 12

கேஸ் தீர்ந்துவிட்டது. இவருக்கு இரண்டு நாளாகவே தெரியுமாம், சொல்ல மறந்துவிட்டாராம். கரண்ட் அடுப்பில் சுட்ட தோசை ஒரு பக்கம் கருகியும் மறு பக்கம் மாவாகவும் வந்தது. அதையே டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடினேன். இவருடைய ஜெராக்ஸ் கடை எங்கள் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரில்தான், ஆனால் ஒரு நாளாவது என்னை பைக்கில் ஏற்றிப் போனால்தானே. ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்.

மூன்றாம் ஆண்டு விலங்கியலுக்கு நான்தான் வகுப்புப் பொறுப்பாளர். நிரந்தரப் பேராசிரியர்கள் வேண்டாமென்று தள்ளிவிடுகிற வேலையெல்லாம் எங்களைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களுக்கு வந்து சேரும். கௌரவம் பதவியின் பெயரோடு சரி. ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரி முதல்வர் மனது வைத்துக் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷம் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

மதியம் முப்பிடாதி வந்து நின்றாள். கடையம் பக்கத்துப் பெண். அம்மா பீடி சுற்றுகிறவள். வகுப்பில் கேள்வி கேட்டே என் உயிரை வாங்குவாள்.

"மேம், சாப்பாட்டு நேரத்துல லேப்ப தொறந்து தருவீங்களா? ஒரு கூட்டம் போடணும்."

"என்ன கூட்டம்?"

"பாலஸ்தீனத்துக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்கள் கழிவறையில் தண்ணீர் வரவில்லையே, அதற்கு ஒரு கூட்டம் போட்டீர்களா என்று கேட்டேன்.

"போன மாசமே போட்டோம் மேம். நீங்க அன்னைக்கி லீவு."

அவள் விடவில்லை.

"அங்க ஒரு காலேஜ் கூட முழுசா நிக்கலயாம் மேம். எங்கள மாதிரி கடைசி வருசம் படிச்ச பிள்ளைய இருக்கும்லா? அதுவ எங்க போயி பரீட்சை எழுதும்?"

ஆய்வகத்தைத் திறந்து தர முடியாது என்றேன். மார்ச் கடைசியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. கல்லூரியே கல்யாண வீடு மாதிரி வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கு?

பிப்ரவரி 14

கேஸ் வந்தது.

பிப்ரவரி 15

பிள்ளைகள் ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு முதல்வரிடம் போயிருக்கிறார்கள். வகுப்புப் பொறுப்பாளர் என்பதால் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஊர்வலம் கூடாது, கோஷம் கூடாது, கொடி கூடாது, பேனர் கூடாது என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். கெட்டவர் இல்லை. ஜூன் கடைசியில் ஓய்வு பெறப்போகிறார், அதுவரை ஒரு தூசியும் தன்மேல் படக்கூடாது, அவ்வளவுதான்.

முப்பிடாதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மரத்தடியில உக்காந்து வாசிக்கலாமா சார்?" என்றாள்.

"வாசிக்கத்தானம்மா காலேஜுக்கு வாறீங்க. தாராளமா வாசிங்க."

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஏதோ ஒரு திட்டம் இருக்கிறது. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று ஆசிரியர் அறைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 19

இந்த வாரம் மதிய நேரத்து ஒழுங்குக் கண்காணிப்பு என் தலையில். வாகை மரத்தின் இந்தப் பக்கம் நிழலில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் முப்பிடாதியும் வகுப்புப் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்து, டப்பாக்களை ஓரமாக வைத்துவிட்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

முப்பிடாதி எழுந்து நின்றாள். கையில் சில தாள்கள். அட்டெண்டன்ஸ் எடுப்பது போலப் பெயர் வாசித்தாள். அச்சு அசலாக என்னுடைய ராகம். ஒரு பெயர், ஒரு வயது. பிறகு ஒரு நிமிர்வு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு மௌனம். பிறகு அடுத்த பெயர்.

"லமா. பத்தொம்பது."

யாரும் பேசவில்லை.

"பாசில். இருவது."

எல்லாம் காஸாவில் கொல்லப்பட்ட மாணவர்களின் பெயர்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. கோஷம் இல்லை, கொடி இல்லை. மணி அடித்ததும் எழுந்து, கீழே கிடந்த முருங்கைச் சக்கையைக்கூடப் பொறுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். அந்த வழியாக வந்த இயற்பியல் பேராசிரியர், "பரவால்லயே, உங்க பிள்ளைய வெளியயும் அட்டெண்டன்ஸ் எடுத்துப் பழகுது" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். ஆமாம் சார் என்றேன்.

வீட்டில் இவர், கடையில் தாள் கட்டு சீக்கிரம் தீர்ந்துவிட்டதென்று முணுமுணுத்தார். பரீட்சைக் காலம்கூட இல்லையே என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

பிப்ரவரி 21

செய்யதலி பாத்திமா மரத்தடிக்கு வருவதில்லை. வகுப்பிலேயே முதல் மதிப்பெண், முப்பிடாதியின் பெஞ்சுத் தோழி. இன்று முதல் வகுப்புக்கு முன் நான் போனபோது இருவரும் தாளை விரித்துவைத்துக்கொண்டிருந்தார்கள். பாத்திமா ஒவ்வொரு பெயரையும் எப்படிச் சொல்வதென்று சொல்லிக்கொடுக்கிறாள். முப்பிடாதி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்கிறாள். தப்பாகச் சொன்னால் பாத்திமா தலையில் குட்டுகிறாள்.

"நீயும் போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"வாப்பாட்ட போகமாட்டேன்னு சொல்லிருக்கேன் மேம்." பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முப்பிடாதி நின்னா போராட்டம்னு சொல்வாங்க. நான் நின்னா போலீஸ் கேஸ்னு சொல்வாங்க மேம்."

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 23

இன்று மரத்தடியில் ஒன்று நடந்தது.

முப்பிடாதி வாசித்துக்கொண்டிருந்தாள். "ஹனீன். இருவத்தொண்ணு. உயிரியல், கடைசி வருசம்." வழக்கம்போல மௌனம். கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல் "உள்ளேன்" என்றது.

யாரென்று ஆராய வேண்டியதில்லை. பழக்கதோஷம். எங்கள் கல்லூரியில் வராத பிள்ளைக்கு வந்த பிள்ளை பதில் சொல்வது காலம் காலமாக நடக்கிறது. எத்தனை பேரைப் பிடித்து நிற்க வைத்திருப்பேன். ஒரு பெயரைக் கூப்பிட்டு யாரும் பேசாமல் இருந்தால் இங்கே எவராலும் சும்மா இருக்க முடியாது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்கள். முப்பிடாதி மட்டும் அசையாமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெயரை வாசித்தாள்.

"ஒமர். பதினெட்டு."

முன்வரிசையில் உச்சிமாகாளி, தடித்த குரல்காரன், "உள்ளேன்" என்றான்.

அடுத்ததற்கு இன்னொருத்தி. அதற்கு அடுத்ததற்கு இன்னொருவன். மணி அடிக்கும் வரை ஒரு பெயரும் பதில் இல்லாமல் போகவில்லை.

எனக்கு மதியத்துக்கு மேல் தலைவலி. அனுமதி கேட்டுச் சீக்கிரமே வந்துவிட்டேன்.

மார்ச் 1

வாகை மரத்தடியில் இடம் போதவில்லை. தமிழ்த் துறை, வணிகவியல், கணிதம் என்று எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். யார் அட்டெண்டன்ஸுக்கும் பதில் சொல்லாத கணித வகுப்புப் பயல்கள்கூட இங்கே வாய் திறக்கிறார்கள்.

என் கண்காணிப்பு வாரம் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த இடத்தில் காற்று நன்றாக வருவதால் அங்கேயே நின்று சாப்பிடுகிறேன்.

மார்ச் 5

வரலாற்றுத் துறைப் பையன் ஒருவன், வெள்ளைச்சாமி என்று பெயர், நடுவில் வந்து நின்று சண்டை போட்டான். ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவன்.

"எங்கயோ செத்தவனுக்கு வாசிக்கீங்களே, நம்ம ஊருல செத்தவனுக்கு என்னைக்காவது வாசிச்சீங்களா?"

உச்சிமாகாளி கையை மடக்கிக்கொண்டு எழுந்தான். முப்பிடாதி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வாசிக்கல. தப்புதான். உங்க ஊருல யாரு?"

அவன் எதிர்பார்க்கவில்லை. "பட்டாசு ஆலையில எங்க தெருப் பொம்பளையாளு நாலஞ்சு பேரு. எங்க சித்தியும்தான்."

"பேரு கொண்டா. நாளைக்கி நீயே வாசி."

ஒரு கூட்டத்தை எதிர்த்துக் கத்தினவனை இவ்வளவு சுருக்கமாக யாராவது உள்ளே இழுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் ஒரு தேநீர் இடைவேளைக்கே ஒரு மணி நேரம் சண்டை நடக்கும்.

மார்ச் 6

வெள்ளைச்சாமி வந்தான். சித்தி பெயரை வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. மரத்தடி முழுக்க ஒரே குரலில் "உள்ளேன்" என்றது. பிறகு அவனே காஸா தாளையும் வாங்கி மிச்சத்தை வாசித்தான். 'ஃ' வருகிற பெயரெல்லாம் அவன் வாயில் படாத பாடு பட்டது.

இந்தப் பிள்ளைகளை நான் மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் விழிப்பார்கள். இவர்களுக்கு இந்த மனது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. நான் கொடுத்தது இல்லை.

மார்ச் 14

பாத்திமாவின் வாப்பா வந்திருந்தார். செய்யது மசூது. பேட்டைப் பக்கம் பஞ்சர் கடை. தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கடையில் இவரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்கக் காத்திருந்தார்.

"எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு இவதான் டீச்சர். பிஎட் படிக்கணும், டீச்சராகணும்னு நிக்கா. சொந்தக்காரங்க எல்லாம் போதும்னு சொல்லுதாங்க. நான்தான் கேக்கல."

நல்லாப் படிக்கிற பெண், கவலைப்பட வேண்டாம் என்றேன்.

"படிப்ப பத்தி கவலையில்ல டீச்சர். காலேஜுல என்னமோ வாசிக்காங்களாமே. நல்ல காரியந்தான். தொழுகையில நாங்களும் அழுதுட்டுதான் இருக்கோம். ஆனா எங்க பேருல ஒரு சின்ன விசயம் வந்தாலும் பெருசாயிரும். போலீசு ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டா பெறவு அவள படிக்க வைக்க என்னால முடியாது. எங்க அண்ணன் தம்பிய விடமாட்டாங்க. பரீட்சை முடியுற வரைக்கும் பிள்ளைய பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ தெரியாது. கஞ்சி நன்றாக இருந்தது. இவர் இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டார்.

மார்ச் 19

யாரோ எடுத்த வீடியோ வெளியே போய்விட்டது. போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி எடுத்தது. முப்பிடாதி வாசிப்பதும், ஆள் தெரியாமல் பின்னாலிருந்து அந்தப் பெண் குரல் "உள்ளேன்" என்பதும், அதற்குப் பிறகு எல்லோரும் சொல்ல ஆரம்பிப்பதும் அப்படியே இருக்கிறது. பின்னால் நின்று தூண்டிவிடுவது யார் என்று கேட்டு எவனோ ஒரு தலைப்பு வைத்துப் பரப்பியிருக்கிறான். மரத்தடி வாசிப்புக்கு இன்றோடு தடை. முதல்வர் அறையிலிருந்து அழைப்பு.

மார்ச் 20

முதல்வர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். முகம் வாடியிருந்தது.

"மேல இருந்து கேக்காங்கம்மா. இந்தக் குரல் யாருது? இதுதான் ஆரம்பிச்சு வச்சிருக்கு."

கூட்டத்தில் யாராவது இருக்கும் என்றேன்.

"செய்யதலி பாத்திமா உங்க வகுப்புதான? அந்தப் பிள்ளைதான் பேரெல்லாம் சொல்லிக்குடுத்ததுன்னு கேள்விப்பட்டேன்."

"அவ மரத்தடிக்கு வந்ததே இல்ல சார்."

"வரலைன்னு யாரு பாத்தா? ஒரு பேரு குடுத்தா போதும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஹால் டிக்கெட்ட நிறுத்தி வச்சு, விசாரணைன்னு போலீசுக்கு எழுதிட்டா மத்த எல்லாப் பிள்ளையளும் தப்பிச்சிரும். குழு வாறதுக்குள்ள முடிச்சிரலாம். நீங்க வகுப்புப் பொறுப்பாளர். குரல் அடையாளம் தெரியுதுன்னு எழுதிக் குடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "ஜூன்ல உங்க ஃபைலும் வரும்" என்று அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

யோசிக்க என்ன இருக்கிறது? எழுத மாட்டேன். ஆனால் எழுதாமல் இருந்தால் மட்டும் பாத்திமா தப்பிவிடுவாளா? வேறு யாரையாவது எழுத வைப்பார். இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்திருக்கிறேன். இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

மார்ச் 21

முதல்வர் என் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். பொறுப்பாளர் என்ற முறையில் நான் பக்கத்து நாற்காலியில்.

முதலில் முப்பிடாதி. வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"இது யாரு குரல்?"

"என் குரல் சார்."

"நீ முன்னால நின்னு வாசிக்கியம்மா. குரல் பின்னால இருந்துல்லா வருது?"

"ரெண்டும் நான்தான் சார்."

அவளை வெளியே அனுப்பினார். அடுத்தவள் வந்து, என் குரல்தான் சார் என்றாள். அதற்கடுத்தவளும் அதையேதான் சொன்னாள். உச்சிமாகாளி வந்து கையைக் கட்டிக்கொண்டு, "என் குரல்தான் சார். அன்னைக்கி தொண்ட கட்டிப்போயி கீச்சுன்னு வந்துச்சு" என்றான். முதல்வரே சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தே பேசினார்கள்.

கடைசியாக பாத்திமா.

"நீதான சொல்லிக்குடுத்த?"

"ஆமா சார். பேரத் தப்பா சொல்லக்கூடாதுல்லா. அதான் சொல்லிக்குடுத்தேன்."

"இந்தக் குரல் யாருது?"

"நான் அங்க இல்ல சார்."

"யாருன்னு தெரியுமா தெரியாதா? ஒனக்குப் பரீட்சை எழுதணுமா வேண்டாமா? யாருன்னு சொல்லிட்டா நீ போகலாம்."

துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரல் வெளுத்துப்போயிருந்தது. நோன்பு வேறு. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெரியாது சார்."

அவளுக்குத் தெரியும். வகுப்பு மொத்தத்துக்கும் தெரியும். மரத்தடியில் இருந்த எல்லோரும் அன்றைக்குத் திரும்பிப் பார்த்தார்களே, பார்த்தது என்னைத்தான். அந்தக் குரல் என்னுடையது. யாரென்று ஆராய வேண்டியதில்லை என்று இதே நோட்டில் எழுதி வைத்தேன். என் நோட்டில்கூட உண்மையை எழுதப் பயம்.

ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் நான் தலையை நிமிர்த்தி அந்த முகத்தைத் தேடுவேன். அன்றைக்கும் தேடினேன். இருபத்தொரு வயது, உயிரியல், கடைசி வருஷம் என்றதும் என் வகுப்புப் பெண் என்றே மனது எடுத்துக்கொண்டது. எங்கேயோ நிற்கிறாள், கவனிக்கவில்லை, அட்டெண்டன்ஸ் போய்விடும் என்று தோன்றியது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

இத்தனை நாளும் என் வேலை போய்விடக் கூடாதென்று பிள்ளைகள் வாயை இறுக்கி மூடியிருக்கிறார்கள். "மேம்" என்ற ஒரு சொல் போதும், பாத்திமா தப்பித்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் குத்துக்கல் மாதிரி நான் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் தெரியாது என்றாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்களை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது. அழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 22

கல்லூரி திறந்ததும் நேராக முதல்வர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், அந்தக் குரல் என்னுது."

"எந்தக் குரல்?"

"வீடியோல உள்ள குரல். நான்தான் உள்ளேன்னு சொன்னது."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "ஏம்மா இத சொன்னீங்க? உங்கள யாரும் கேக்கலயே" என்றார்.

"பாத்திமாவ கேட்டீங்களே சார்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். மாணவர் யாரும் தூண்டவில்லை, முதலில் குரல் கொடுத்தவள் நானே, செய்யதலி பாத்திமா அந்த இடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தற்காலிகப் பணியாளர விடுவிச்சாச்சுன்னு அனுப்பினா ஃபைல் முடிஞ்சிரும். பிள்ளையளுக்கு ஹால் டிக்கெட் வந்துரும். உங்களுக்குத்தான்..." என்று நிறுத்தினார்.

"பிள்ளையளுக்கு வந்துரும்லா சார்?"

"வந்துரும்."

வாசல்வரை கூட வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி வந்தது இல்லை.

மார்ச் 25

விடுவிப்பு ஆணை வந்துவிட்டது. இவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போனா போவுது. கடையில ஆளில்லாம கெடக்கு, வந்து உக்காரு. அந்தப் பிள்ளைய தாளு எடுக்க வந்தா எனக்கு எழுத்து சரியாத் தெரிய மாட்டேங்குது."

"எந்தத் தாளு?"

"ஏளா, ஒனக்குத் தெரியாதா? மொத நாளுல இருந்து அந்தப் பேரெல்லாம் நம்ம மெசின்லதான ஓடுது."

தாள் கட்டு ஏன் தீர்ந்தது என்பது இப்போது புரிந்தது. மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரல் 8

கடையில் உட்கார்ந்து பழகிவிட்டது. இரண்டு பக்கமும் நகல் எடுப்பதில் மட்டும் இன்னும் தாளைத் தலைகீழாக வைத்துவிடுகிறேன்.

ஹால் டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். பாத்திமா கடைக்கு வந்து அதை என் கையில் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னாள். ஒன்று போதும் என்ற இடத்தில் மூன்று எடுத்துவிட்டேன். போகும்போது, "மேம், அந்தக் கடைசி யூனிட்டு மட்டும் சொல்லித் தருவீங்களா?" என்றாள். கடை பெஞ்சிலேயே சொல்லிக்கொடுத்தேன். மாலைக்குள் முழு வகுப்பும் வந்து நின்றது. இவர் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 15

கல்லூரிக்குள் தடை என்றால் வெளியே தடை இல்லையே என்று முப்பிடாதி கண்டுபிடித்துவிட்டாள். பரீட்சை முடிந்து வெளியே வருகிறவர்கள் வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் வாசிக்கிறார்கள். நடைபாதையை மறிப்பதில்லை, பேருந்து வந்தால் நிறுத்திவிடுகிறார்கள், போன பிறகு விட்ட பெயரிலிருந்து தொடர்கிறார்கள். டீக்கடையில் ஒரு மஃப்டி போலீஸ்காரர் தினமும் வந்து உட்கார்ந்து வடை தின்றபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். பாத்திமா இன்னும் ஓரமாகவே நின்று வீட்டுக்குப் போகிறாள். வாப்பாவுக்குக் கொடுத்த வார்த்தை.

ஏப்ரல் 26

இன்று கடைசிப் பரீட்சை. பிள்ளைகள் வெளியே வந்து ஒருவர்மேல் ஒருவர் மை தெளித்துக் கூத்தடிப்பார்கள் என்று பார்த்தேன். தெளித்தார்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிறுத்தத்தில் கூடினார்கள். முப்பிடாதி கடைக்கு வந்தாள். சட்டை முழுக்க நீலம்.

"மேம், இன்னைக்கி நீங்க வாசிங்க."

"எனக்கெதுக்கு?"

"உங்க ராகந்தான மேம். நாங்க காப்பிதான அடிச்சோம்."

இவர் என் கையில் தாளைக் கொடுத்து, "போயிட்டு வா, கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். போனேன்.

அந்த நேரம் செய்யது மசூது டிவிஎஸ்ஸில் வந்து ஓரமாக நிறுத்தினார். மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். பாத்திமா வாசலிலிருந்து அவரிடம் போனாள். பரீட்சை அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னாள். அவர் டீக்கடைப் பக்கம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். அவள் ரோட்டைக் கடந்து வந்து பிள்ளைகளோடு நின்றாள். முப்பிடாதி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வாசித்தேன். இத்தனை வருஷம் பெயர் கூப்பிட்டே வயிறு வளர்த்தவள் நான்.

"ரனீம். இருபது. கல்லூரி மாணவி."

"உள்ளேன் மேம்" என்றாள் பாத்திமா. எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மஃப்டிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அடுத்த பெயர் மாணவன் இல்லை. தாளில் இப்போது எல்லோரும் இருக்கிறார்கள்.

"யூனுஸ். நாற்பத்தெட்டு. மெக்கானிக்."

யார் சொல்வது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பழக்கப்படி தலையை நிமிர்த்தினேன். எதிரே செய்யது மசூது வண்டியைவிட்டு இறங்கி, ஸ்டாண்டு போட்டு, மகளின் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போலீஸ்காரர் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"உள்ளேன் டீச்சர்" என்றார்.

பாத்திமா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குத் தாளில் எழுத்தே தெரியவில்லை. முப்பிடாதி அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கி அடுத்த பெயரை வாசித்தாள். ஒரு சின்னப் பிள்ளையின் பெயர். நான் பிள்ளைகளுக்கு முன்னால், எல்லோரும் பார்க்க நின்று, "உள்ளேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.